இருபத்து மூன்றாம் சான்று

சேச்சியின் கடைக்கு வரும் மலையாளப் பத்திரிகையின் குறுக்கெழுத்துப் புதிரில் ஒரு கட்டம்கூட வெறுமையாக இருந்து நான் பார்த்ததில்லை. காலை பத்து மணிக்குள் எல்லாம் நிரம்பியிருக்கும். ஒருநாள், பிரதி எடுக்கக் காத்திருந்த நேரத்தில், கேள்விகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். தெரிந்த விடைகளைச் சரியாக எழுதியிருந்தார். தெரியாதவற்றில், கட்டத்துக்கு ஓர் எழுத்தாகக் கைக்கு வந்ததைப் போட்டிருந்தார். ஒரு நதியின் பெயரைக் கேட்டிருந்த இடத்தில், உலகத்தில் எங்குமே ஓடாத ஒரு நதி இருந்தது.

"இதென்ன சேச்சி, இப்படி ஒரு நதியே கிடையாதே?"

"இல்லாட்டா போட்டும். கட்டம் ஒழிஞ்சு கெடந்தா எனக்குக் கண்ணு வலிக்கும் பிள்ளே. இப்பம் பாரு, நெறஞ்சு கொள்ளாம் இல்லியா?"

நன்றாகத்தான் இருந்தது. சற்று எட்ட நின்று பார்த்தால், நிறையப் படித்த யாரோ நிதானமாக உட்கார்ந்து போட்டதுபோல இருந்தது.

இப்போது அந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். கடை மூடக் காரணம், என் மகளின் எம்.எஸ்ஸி. ப்ராஜெக்ட் அறிக்கையில் இருந்த இருபத்து மூன்றாவது சான்று. வேதியியல் மாணவர்கள் அறிக்கையின் கடைசியில், தாங்கள் எடுத்தாண்ட ஒவ்வொரு கட்டுரைக்கும் எழுதியவர் பெயர், இதழ், ஆண்டு, தொகுதி, பக்கம் என்று எண் போட்டு வரிசையாகக் கொடுக்க வேண்டும். பேச்சில் எல்லாருக்கும் அது ரெஃபரன்ஸ். அந்த வரிசையில் ஒன்று பொய் என்று தெரிந்தால் மற்ற எல்லாவற்றின் மேலும் சந்தேகம் விழும். என் மகளுக்கு வெளிமாநிலத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இடம் கிடைத்திருந்தது. ஜூலைக்குள் மதிப்பெண் பட்டியலைக் காட்ட வேண்டும். ப்ராஜெக்ட் ரத்தானால் அந்த இடமும் போகும், ஒரு வருஷமும் போகும்.

எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. அவள் போய்ச் சேர்ந்தும் விட்டாள். 

சேச்சி என்றால் மலையாளத்தில் அக்கா. ஆனால் அவர் மலையாளி அல்ல. மார்த்தாண்டத்துப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி எல்லை தாண்டி இந்த மலையாள ஊருக்கு வந்த தமிழ்க்காரி. தம்பானூரிலிருந்து மேடேறி எங்கள் கல்லூரியின் பின்வாசலுக்குப் போகும் சந்தில் டைப் அடிக்கும் கடை வைத்தவரை மாணவர்கள் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? நானும் சேச்சி என்றேன், இருபத்தேழு வருஷம் கழித்து என் மகளும் சேச்சி என்றாள். அவருடைய பெயரைக் கல்லூரிக்காரர்கள் கொடுத்த ஒரு தாளில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.

விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவர்களும் அவரிடம்தான் வருவார்கள். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் வந்திருந்தார். அங்க அடையாளம் இரண்டு கேட்டிருந்தது. நெற்றித் தழும்பு ஒன்று. இரண்டாவது என்ன என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் சேச்சி 'இடது தோளில் மச்சம்' என்று அடித்துவிட்டார்.

"எனக்குத் தோள்ல மச்சம் கிடையாதே" என்றார் அவர்.

"உண்டுண்ணு வெச்சுக்கிடும் மாமா. ஆபீசுகாரன் உமக்க சட்டையக் கழத்தியா பாக்கப் போறான்?"

கடையில் இருந்த எல்லாரும் சிரித்தோம். மச்சம் கிடைத்தவரும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

ஒரு மாணவி தன் வழிகாட்டிப் பேராசிரியரோடு சண்டை போட்டிருந்தாள். நன்றியுரையில் அவர் பெயரை வேண்டுமென்றே விட்டிருந்தாள். சேச்சி அடித்துக் கொடுத்த பிரதியில் முதல் பத்தியே அந்தப் பேராசிரியருக்கான நன்றியாக இருந்தது. "ஒரு நன்றி சொன்னா நாக்கா தேஞ்சு போவும்? மேல ஒழிஞ்சுல்லா கெடந்தது" என்றார். அந்தப் பெண் அங்கேயே நின்று அழுதாள். பிறகு அப்படியே பைண்டு செய்து வாங்கிக்கொண்டு போனாள். தேறவும் செய்தாள். நாங்கள் எல்லாரும் சேச்சியின் புத்தியை மெச்சினோம்.

அவருடைய கணவர் வளைகுடா போய்த் திரும்பவில்லை என்பது பக்கத்துத் தையல்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சேச்சியாக ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஒருமுறை தன்னுடைய ரேஷன் கார்டுக்கான விண்ணப்பத்தை அடித்துக்கொண்டிருந்தார். கணவரின் தொழில் என்ற இடத்தில் விரல்கள் ஒரு கணமும் தயங்காமல் 'வெளிநாட்டில் வேலை' என்று அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போயின. அதை எத்தனை வருஷமாக அடித்துக்கொண்டிருந்தாரோ. அதற்கு மட்டும் நான் சிரிக்கவில்லை.

நான் அங்கே முதலில் போனது என் எம்.எஸ்ஸி. கடைசி வருஷத்தில். அப்போது கடையில் இருந்தது டைப்ரைட்டர்தான். வேதிவாய்பாடுகளில் எண்ணை அரைப் படி கீழே இறக்க, இடது கையால் உருளையைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டே வலது கையால் அடிப்பார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அடிப்பதில் ஒரு சொல்லுக்கும் அவருக்குப் பொருள் தெரியாது. ஆனால் எந்த இதழின் பெயரை எப்படிச் சுருக்க வேண்டும், எங்கே புள்ளி, எங்கே அடிக்கோடு, இரண்டு ஆசிரியர்கள் என்றால் எப்படி, ஐந்து பேர் என்றால் எப்படி என்பதெல்லாம் எங்கள் பேராசிரியர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு புள்ளி தப்பினால் பக்கத்தையே மறுபடி அடிப்பார்.

கடையின் சட்டம், முப்பது சான்று. "வெளியிலேருந்து வாற சாரு முதல்ல கடைசிப் பக்கத்தத்தான் தொறப்பாரு. எண்ணிப் பாப்பாரு. படிச்சா பாக்கப் போறாரு? முப்பது இருந்தா மொகம் தெளியும்" என்பார்.

என்னிடம் இருபத்தொன்பது இருந்தன. நூலகத்தில் உட்கார்ந்து கையால் எழுதி எடுத்தவை. அதிலும் நாலைந்து நான் கண்ணால் பார்க்காத கட்டுரைகள். வேறு யாரோ கொடுத்திருந்த பட்டியலிலிருந்து அப்படியே எடுத்தது. அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்தோம் என்று சொன்னால் எனக்கு நிம்மதியாக இருக்கும். சொல்லப்போவதில்லை.

"ஒண்ணு கொறையுது பிள்ளே. சட்டுனு சொல்லு, அடிச்சுப் போடுதேன்."

"இவ்வளவுதான் சேச்சி இருக்கு."

"இருக்குததச் சொல்லவா உங்கிட்ட கேக்கேன்? இல்லாததச் சொல்லு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருட்டுவதற்குள் கிழக்கேகோட்டை பஸ்ஸைப் பிடித்து ஸ்ரீவராகத்தில் வீடு போய்ச் சேர வேண்டும். அப்பா தெருமுனையில் நின்றுகொண்டிருப்பார். கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். எழுதியவருக்கு என் தாத்தாவின் பெயர், இனிஷியல் இரண்டையும் இடம் மாற்றி. இதழ், பட்டியலில் ஏற்கெனவே இருந்த ஒன்று. ஆண்டு, நான் பிறந்த ஆண்டு. தொகுதி, அக்ரகாரத்தில் எங்கள் வீட்டுக் கதவிலக்கம். பக்கம், என் தேர்வு எண்ணின் கடைசி மூன்று இலக்கம். தாத்தா ஓட்டல் ஒன்றின் சரக்கறைக்குப் பொறுப்பாக இருந்தவர். ஆயுளில் ஒரு சோதனைக் குழாயைத் தொட்டதில்லை.

சேச்சி நிறுத்தாமல் அடித்தார். பிறகு, "இதுக்க நம்பரு உள்ள எங்கயாவது விழணுமே" என்றார். சான்று இருந்தால் அது சொல்லும் ஒரு வாக்கியமும் அறிக்கைக்குள் இருக்க வேண்டும். ஏற்கெனவே அடித்திருந்த பக்கங்களைப் புரட்டினார். கடைசி அத்தியாயத்தின் கடைசிப் பத்தி பாதி வரியில் முடிந்திருந்தது. "இன்னா, இங்க எடம் கெடக்கு." அந்தத் தாளை மறுபடி உருளையில் சுற்றி, குனிந்து வரி மட்டம் பார்த்து, எழுத்துக்கு எழுத்து சேரும்படி நிறுத்தினார். என் ப்ராஜெக்ட், கிணற்று நீரில் இரும்பின் அளவைக் காண்பது. பாதி வரியில் அடங்குவதுபோல ஒரு வாக்கியம் சொன்னேன். இப்பகுதிக் கிணறுகளில் மழைக்குப் பின் இரும்பு குறைகிறது. கூடுகிறது என்று சொல்லியிருந்தாலும் ஆங்கிலத்தில் அதே இடத்தைத்தான் பிடித்திருக்கும். வாயில் வந்தது, குறைகிறது.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திறந்தார். பேனா முனையால் எண்ணிக்கொண்டே கீழே வந்தார். "முப்பது. கொள்ளாம்" என்றார். எனக்கு முதல் வகுப்பு.

அதன்பிறகு எப்போது அந்தப் பக்கம் போனாலும் சேச்சி கேட்பார்: "சயன்டிஸ்ட் தாத்தாவுக்கு சுகந்தானா?" எனக்குக் கல்யாணமாகி, நான் ஒரு பள்ளியில் பிளஸ் டூவுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கப் போன பிறகும் கேட்டார். ஒருமுறை, என் மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடி சொன்னார்:

"உனக்க தாத்தாவுக்கு இப்பம் நல்ல கிராக்கி பிள்ளே. கெணறு, கொளம்னு வர்ற பிள்ளையளுக்கு ரெண்டு மூணு கொறஞ்சா அவருதான் கைகொடுக்காரு."

நான் சிரித்தேன். புரிந்துதான் சிரித்தேன். அன்று காலையில்தான் என் வகுப்பில் ஒரு மாணவியின் செய்முறை நோட்டை மேஜையில் போட்டு, "எங்கிருந்து வந்தது இந்த ரீடிங்? பியூரெட் சொன்னதா, பக்கத்து நோட்டு சொன்னதா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டிருந்தேன்.

மகள் விஷயத்தில் எனக்குப் பயத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. அவள் கிணற்று நீரை எடுத்துக்கொண்டதே என்னால்தான். தெரிந்த விஷயம், தப்பு வராது என்று சொன்னேன். மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை என்று வீடு வீடாகப் போய்க் கிணறுகளில் நீர் எடுத்துவந்தாள். ஃபிரிட்ஜில் மோர் வைக்க இடமில்லாமல் பாட்டில்கள். சந்தேகம் வந்தால் மறுபடி போய் எடுப்பாள். அவளிடம் இருபத்திரண்டு சான்றுகள் இருந்தன. இருபத்திரண்டையும் அச்செடுத்து, வாசித்து, ஓரத்தில் கோடு போட்டு வைத்திருந்தாள். அறிக்கையைத் தானே அடித்தும் முடித்திருந்தாள். பைண்டு செய்வதுதான் பாக்கி.

"சேச்சிகிட்ட கொடுத்து ஒருதரம் பார்க்கச் சொல்லு" என்றேன்.

"இப்போ யாரும்மா வெளியில கொடுக்கறா? நானே பண்ணிடறேனே."

"அவங்க கண்ணு பட்டா ஒரு புள்ளி தப்பாது. பேசாம கொண்டு போய்க் கொடு."

மறுநாள் மதியம் கடையிலிருந்து எனக்கு ஃபோன் செய்தாள்.

"அம்மா, சேச்சி எட்டு ரெஃபரன்ஸ் அவங்களா சேர்க்கறாங்க. அதுக்கு உள்ளே வாக்கியமும் சேர்க்கறாங்க. நான் இதொண்ணும் படிச்சதே இல்லை."

பின்னால் சேச்சியின் குரல் கேட்டது. "முப்பது ஆவட்டும் மக்களே. அம்மைட்ட கேளு, அவளுக்குத் தெரியும்."

"சேர்க்கட்டும்" என்றேன். "இன்னிக்குத்தானே கடைசி நாள்? அதை யார்டீ படிச்சுப் பார்க்கப் போறா?"

"படிக்காததை எப்படிம்மா..."

"சேர்க்கட்டும்னு சொன்னேனே."

அவள் ஃபோனை வைத்துவிட்டாள். எனக்குத் தாத்தாவின் நினைவு வரவில்லை. எட்டில் ஒன்றாக அவர் வருவார் என்று தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை.

ஆனால் படித்துப் பார்க்கவும் ஒருவர் இருந்தார். அறிக்கைகளைச் சரிபார்க்கும் பொறுப்பில் இருந்த இளம் ஆசிரியை. என்னையும் மகளையும் ஃபோன் செய்து வரவழைத்து, துறை அறையில் உட்கார வைத்து மலையாளத்தில் பேசினார். குரலை உயர்த்தவே இல்லை. நானும் ஆசிரியை என்பதால் வார்த்தைக்கு வார்த்தை டீச்சர் என்றார்.

"உங்க மகள் நல்லா அளந்திருக்கா டீச்சர். மழைக்குப் பிறகு இரும்பு கூடியிருக்கு. எல்லாக் கிணற்றிலும். ஆனா அடுத்த பக்கத்தில், குறையும்னு ஒரு வாக்கியம், அதுக்கு ஒரு ரெஃபரன்ஸ். இதில் எது சரி? அந்தக் கட்டுரையைப் படிச்சுப் பார்க்கலாம்னு தேடினேன். ஆசையாத்தான் தேடினேன்."

அப்படி ஒரு கட்டுரை கிடையாது. அந்த ஆண்டில் அந்த இதழின் தொகுதி எண்ணே வேறு. அவர் விடாமல் நூலகத்திலிருந்து பழைய அறிக்கைகளை எடுத்துப் பார்த்திருக்கிறார். மேஜை மேல் அடுக்கியிருந்தன. எல்லாம் சேச்சியின் கடையில் பைண்டு செய்தவை.

"எத்தனையோ வருஷமா எங்க பிள்ளைகள் இதையே எழுதிட்டு வர்றாங்க. மழைக்குப் பின் குறையும், மழைக்குப் பின் குறையும்னு. ஒருத்தரும் அளந்து பார்க்கலை. இவள்தான் அளந்திருக்கா. இந்த அடுக்கில் இருக்கறதுக்கும் முந்தின அறிக்கையெல்லாம் நூலகக் கூரை ஒழுகி நனைஞ்சு போயிடுச்சு. அதனால இது முதல்ல யார்கிட்டேருந்து வந்ததுன்னு தெரியலை."

சொல்லிக்கொண்டே பக்கத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். இருபத்து மூன்றாவது வரியில் என் தாத்தா இருந்தார். இடம் மாறிய இனிஷியலோடு. பக்கத்தில் நான் பிறந்த ஆண்டு. கதவிலக்கம். என் தேர்வு எண். ஒரு புள்ளி பிசகாமல் இருந்தது. தாத்தா காலமானது என் மகள் பிறப்பதற்கு வெகு முன்னால். அவளுக்கு அது யாரோ ஒருவரின் பெயர்.

"கடைக்காரங்க இவளுக்குத் தெரியாம சேர்த்ததுன்னா திருத்திக் கொடுக்க விடலாம். தெரிஞ்சே சேர்த்ததுன்னா ப்ராஜெக்ட் ரத்து. எனக்கு வேற வழி இல்லை டீச்சர்."

மகள் வாயைத் திறந்தாள். நான் மேஜைக்கடியில் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன்.

"அவளுக்குத் தெரியாது" என்றேன்.

வராந்தாவுக்கு வந்ததும் கையை உதறினாள். "எனக்குத் தெரியும்மா. உனக்கும் தெரியும். ஃபோன்ல நீதானே..."

"மெதுவாப் பேசுடீ."

"சேச்சி தலையில போடப் போறியா?"

"சேர்த்தது அவங்கதானே? அவங்க கடை, அவங்க கைப்பழக்கம். உனக்கு ஜூலையில போய்ச் சேரணுமா, வேண்டாமா?"

"வேண்டாம்னா?"

அழுதேன். நான் அழுதால் அவள் பேச மாட்டாள் என்பது எனக்கு அவளுடைய ஐந்து வயதிலிருந்தே தெரியும்.

அவளைப் பஸ் ஏற்றிவிட்டு நான் மட்டும் கடைக்குப் போனேன். சேச்சி ஓர் அறிக்கையின் முதுகில் பசை தடவிக்கொண்டிருந்தார். யாரோ முன்னதாகவே வந்து சொல்லியிருக்க வேண்டும். தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

"உனக்க தாத்தா ரொம்ப தூரம் நடந்துட்டாரு பிள்ளே."

"சேச்சி, அவளுக்கு எதுவும் தெரியாதுன்னு நீங்க எழுதிக் கொடுக்கணும்."

"எழுதித் தரலாம். சேத்தது நான்தானே. அவா உங்கிட்ட போன் பேசுனது எனக்கு ஓர்மை இல்லண்ணு வெச்சுக்கிடலாம். பிள்ளைக்குக் கெடச்ச எடம் போவப்பிடாது."

கையைத் துடைத்துக்கொண்டு ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றினார். வழக்கம்போல விளிம்பு தட்ட ஊற்றினார். தூக்கினால் சிந்தும். நான் குனிந்து ஒரு வாய் உறிஞ்சினேன்.

"எங்கேருந்து எடுத்தண்ணு கேப்பாங்களே" என்றார்.

நான் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"செரி. நீ குடி" என்றார்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் மகள் எட்டுச் சான்றுகளையும் அவற்றின் வாக்கியங்களையும் எடுத்துவிட்டு இருபத்திரண்டோடு மறுபடி கொடுத்தாள். தேறினாள். போய்ச் சேர்ந்தாள். வாரத்துக்கு ஒருமுறை பேசுகிறாள். சளிக்கு இதைக் குடி, வெயிலில் இப்படிப் போகாதே என்று நான் எதைச் சொன்னாலும், "யார் சொன்னா? எங்கே படிச்சே?" என்கிறாள். கேலியாகத்தான் கேட்கிறாள் என்று நினைத்துக்கொள்கிறேன். கல்லூரியில், வெளிக் கடைகளில் அறிக்கை அடிக்கவோ பைண்டு செய்யவோ கூடாது என்று சுற்றறிக்கை ஒட்டினார்கள். பக்கத்துக் கல்லூரிகளிலும் ஒட்டினார்கள். இரண்டு மாதத்தில் ஷட்டர் இறங்கிவிட்டது. சேச்சியின் எண்ணுக்கு இப்போது மணி அடிப்பதில்லை. தையல்காரரைக் கேட்டேன்.

"ஆங்ஙள கூடப் போயிட்டாங்க. மார்த்தாண்டத்துக்கு அந்தப் பக்கம். நீங்க பாக்கப் போறீங்களா?"

அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார் என்று அர்த்தம். "போகணும்" என்றேன். பஸ்ஸில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. ஊர்ப்பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தத் தாளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். நான் கடைக்குப் போய் வந்த மறுநாள் சேச்சியைத் துறைக்கு வரவழைத்து எழுதி வாங்கினார்கள். அதற்கும் மறுநாள், பெற்றோர் கையெழுத்துக்காக என்னைக் கூப்பிட்டார்கள். அச்சடித்த கேள்விகள், எதிரே பதிலுக்குக் கட்டங்கள். அத்தனை வருஷப் பழக்கத்தில், குறுக்கெழுத்துக் கட்டங்களைத் தவிர, நான் அவருடைய கையெழுத்தைப் பார்த்ததே இல்லை. எல்லாம் அச்செழுத்துதான். பள்ளிக்கூடப் பிள்ளையின் எழுத்துப்போல உருட்டி உருட்டி எழுதியிருந்தார். பெயர். கடை. சான்றைச் சேர்த்தது யார்: நான். மாணவிக்குத் தெரியுமா: தெரியாது. அதற்கு அடுத்த கேள்வி, இந்தச் சான்று எங்கிருந்து எடுக்கப்பட்டது.

எதிரே இருந்த கட்டத்தில் ஒன்றும் இல்லை.

இளம் ஆசிரியை அதில் விரலை வைத்தார். "இதுக்கு மட்டும் பேனாவைக் கையில் வெச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாங்க தெரியுமா? பழைய புத்தகம்னு ஒரு வார்த்தை போட்டிருந்தாக்கூட விஷயம் அதோட முடிஞ்சிருக்கும். நானே அப்படிச் சொல்லிப் பார்த்தேன். ஒழிஞ்சு கிடக்கட்டும்னுட்டாங்க. யாரையோ மறைக்கிறாங்க. கேட்டும் சொல்லலைன்னா, நான் மேலே எழுதித்தான் ஆகணும். அந்தக் கடையை இனிமே விட முடியாது."

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "டீச்சரும் இங்கேதானே படிச்சீங்க? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

எனக்கு முதலில் சேச்சி மேல் கோபம்தான் வந்தது. ஓடாத நதியை எழுதியவர். இல்லாத மச்சத்தை எழுதியவர். எங்கே இருக்கிறார் என்றே தெரியாத கணவருக்கு வருஷாவருஷம் வேலை எழுதியவர். இதிலும் ஏதாவது ஒன்றை எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் கொஞ்ச நாளில் நானும் அதை நம்பியிருப்பேன்.

ஆசிரியை பேனாவை நீட்டினார். பெற்றோருக்கான கோடு அந்தக் கட்டத்துக்கு நேர் கீழே இருந்தது. கட்டம் பெரியது. ஒரு பெயரை எழுதத் தாராளமாக இடம் இருந்தது. நான் கீழே இருந்த கோட்டில் கையெழுத்துப் போட்டேன்.